‘ழ’ வராத டீச்சர்: லாங்கு பஜாரில் வாங்கிய பேசும் எழுத்துப் பலகை

மளிகை வாங்க வேலூர் லாங்கு பஜார் போன இடத்தில், ஒரு பிளாட்பாரக் கடையில் தொங்கிய பேசும் எழுத்துப் பலகையைப் பாப்பா பிடித்துக்கொண்டு விடவில்லை. 350 சொன்னார்கள், 320க்கு முடிந்தது. மூன்று பென்சில் செல் தனிக் காசு.

பாப்பாவுக்கு நாலரை வயசு, எல்கேஜி. பலகை வந்த பத்தே நாளில் டவுன் பஸ் போர்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். காட்பாடியில் இரண்டாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “பா... காயம். யாருக்கும்மா காயம்?” என்றாள். பின்னால் நின்றவர், “பாகாயம் வரைக்கும் நின்னுக்கினே போனா எல்லாருக்கும்தான் பாப்பா” என்றார்.

ஆக, பலகை வேலை செய்கிறது. குறைகளைச் சொல்கிறேன்.

அட்டையில் ‘247 எழுத்துகள்’ என்று பெரிசாகப் போட்டிருக்கிறது. பட்டன் எண்ணினால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31தான். நான் கவனிக்கவில்லை, அவள்தான் எண்ணினாள். “மீதி எங்கம்மா?” பதினெட்டும் பன்னிரண்டும் சேர்ந்தால்தான் மற்ற 216ம் வரும் என்று சொல்லி வைத்தேன். உடனே ‘க்’ அமுக்கி ‘அ’ அமுக்கினாள். பலகை “இக்” என்றது, “அ” என்றது. வேகமாக அமுக்கினாள். அப்போதும் சேரவில்லை. பலகையில் வாயை வைத்து, “இக், அ இல்ல. க. எங்க சொல்லு, க!” என்று பாடம் எடுத்தாள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது “மிக நன்று!” என்று சொல்லிவிட்டுத் தானாக அணையும். அந்த நேரம் பார்த்துச் சொன்னது. “பாத்தியா, கத்துக்கிச்சு!” என்று ஒரே குதி.

‘ஔ’வில் ‘ள’ கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் பிழைத்திருப்போம். இதில் ‘ஒ’வும் ‘ள’வும் ஒரே உயரம். “ஒளவையார். ஒளிஞ்சிக்கிட்டாங்களா?” இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பெரிய குறை குரல். சுவிட்ச் போட்டதும் “தமிள் படிக்கலாம் வாங்க” என்கிறது. ‘ழ்’ பட்டனில் வாழைப்பழப் படம், அமுக்கினால் “வாளைப்பளம்”. என் மாமியார் குடியாத்தம், அவர் வாயில் எப்போதும் “வாயப்பயம்”தான். பாப்பா இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, “நாக்கை மடக்கு ஆயா, ழ... ழ...” என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தாள். ஆயா கொஞ்ச நேரம் மடக்கிப் பார்த்தார். “எப்டி சொன்னாலும் உரிச்சுதான் துன்னணும், போ கண்ணு” என்று எழுந்துவிட்டார்.

சத்தத்தைக் குறைக்க வழியே இல்லை, காலை ஆறு மணிக்கே தெரு முழுக்கத் தமிள் படிக்கிறது. செல் மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கட்டிலிலிருந்து இரண்டு முறை விழுந்தும் உடையவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

போன வாரம் செல் தீர்ந்தபோது பலகையோடு அதே கடைக்குப் போய், வேறு குரலில் இருக்கிறதா என்று கேட்டேன். “எல்லாம் இதே குரல்தான்க்கா. வேணும்னா இங்கிலீஷ் போர்டு எடுத்துக்கோங்க, குரல் சூப்பரா இருக்கும்.”

பாப்பா அதை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினாள். “இதுல ழவே இல்லயே” என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று செல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.