ஆசிரியர் பயிற்சியில் கருத்துக் கேட்க கூகுள் ஃபார்ம்ஸ்: நீலகிரிக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் அதை மட்டுமே நம்பி இறங்கக் கூடாது. இணையத்தில் கேள்வித்தாள் தயாரிக்கும் இந்தக் கருவி இலவசம், தமிழிலேயே கேள்வி தட்டலாம், பதில்கள் நேராக கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் வந்து விழும். சிக்கல் நெட்டில்தான். பந்தலூர்ப் பக்கம் சிக்னல் எட்டாத பள்ளிக் கட்டடத்தில் 'சப்மிட்' சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே கோபோ கலெக்ட் என்ற செயலியே மேல்: ஆஃப்லைனில் நிரப்பி, டவர் கிடைத்ததும் அனுப்பலாம். ஆண்ட்ராய்டு போன் வேண்டும்.

'ஒரு பதில் மட்டும்' என்ற செட்டிங்கை ஆன் செய்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அத்தோடு போனைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆஃப் செய்யுங்கள். மின்னஞ்சல் சேகரிப்பும் வேண்டாம். பெயர் தெரியும் என்றால் யார் குறை எழுதுவார்?

கேள்விகள் ஐந்து போதும். "பயிற்சி பயனுள்ளதா?" என்று கேட்டால் 5க்கு 5 போட்டுவிட்டுப் போவார்கள், ஒன்றும் விளங்காது. ஸ்மார்ட் போர்டு (தொடுதிரைப் பலகை) பயிற்சி என்றால், "ஸ்மார்ட் போர்டில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டு விடைகளையும் கொடுங்கள்: கேபிள் இணைப்பது, தொடும் இடமும் புள்ளி விழும் இடமும் விலகுவது, ஒலி வராதது. விடைக்கேற்ப அடுத்த பகுதிக்குத் தாவும் வசதி உண்டு; ஒரு விடை மட்டும் தேர்வுசெய்யும் கேள்வியிலும் டிராப்டவுனிலும்தான் அது வேலை செய்யும். செக்பாக்ஸில் தேடாதீர்கள்.

மாலையில் கேட்பது வீண். கூடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாம் 'நன்று' ஆகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்டால் பிற்பகல் வகுப்பையே மாற்றலாம்: ஒலிதான் பிரச்சினை என்றால் ஸ்லைடுகளை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் போர்டருகே அழைத்து ஸ்பீக்கரை இணைக்கச் சொல்லுங்கள்.