பின் பிரேக்: ஷூ மட்டும் மாத்தவா, டிரம்மை கடையவா, புது டிரம்மே போடவா?

வீட்டு வாசல்லயே காரோட பின் பிரேக்கைப் பிரிக்கிற பலரும் ஷூவை (டிரம்முக்குள்ள விரிஞ்சு உரசி வண்டியை நிறுத்துற வளைஞ்ச கட்டை) முன்கூட்டியே வாங்கி வச்சிட்டுதான் இறங்குறாங்க. நான் இப்ப அப்படி செய்றதில்ல, டிரம்மை, அதாவது சக்கரத்தோட சேந்து சுத்துற அந்த இரும்புக் கிண்ணத்தை, கழட்டி உள்பக்கத்தைப் பாத்துட்டுதான் கடைக்கே போறேன், ஏன்னா எவ்ளோ செலவுன்னு முடிவு பண்றது டிரம்தான்.

ஷூ மட்டும் மாத்துறதுதான் மலிவு, வேலையும் கம்மி. ஆனா டிரம் உள்ள வழவழன்னு இருக்கணும், நகத்தை வச்சு குறுக்க இழுத்தா எங்கயும் மாட்டக் கூடாது, அப்படி இருந்தா எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு துடைச்சிட்டு மாட்டிடலாம். கோடு கோடா பள்ளம் விழுந்த டிரம்ல நான் ஒருதடவை புது ஷூ போட்டேன், புது லைனிங் (ஷூ மேல இருக்கிற, உரசுற பட்டை) அந்த மேட்டுல மட்டும்தான் தொடும்னு அப்ப புரியல. ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கிட்ட டிராஃபிக்ல நின்னோம், ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்தும் வண்டி பின்னாடி நகந்துச்சு, பின்சீட்ல அம்மா இருந்தாங்க. பெடலை மிதிச்சுப் புடிச்சுட்டேன், ஆனா அந்த பயம் இன்னும் போகல.

பள்ளம் இருந்தாலோ பிரேக் புடிக்கிறப்ப பெடல் துடிச்சாலோ லேத்துல கடையலாம், அதாவது உள்பக்கத்தை லேசா சீவி சமமாக்கலாம், துடிப்புக்கு டிரம் ஓவலாகிப் போனதும் ஒரு காரணம். காசு கொஞ்சம்தான், ஆனா எல்லை இருக்கு: டிரம் மேலயே மேக்ஸ் டயான்னு (அதிகபட்ச உள்விட்டம்) அச்சுல இருக்கும், கடைஞ்சதுக்கப்புறம் வெர்னியர்ல அளந்தா அதுக்குள்ளதான் இருக்கணும். நிறைய கடைஞ்சா சுவர் மெலிசாகி சீக்கிரம் சூடாகும், மலை இறக்கத்துல சூட்டுல விரிஞ்சு பெடலும் கீழ போகும். விட்டம் பெருசாயிடுறதால புது ஷூவோட வளைவும் ஒத்து வராது, தேய்ஞ்சு படியுற வரைக்கும் நடுவுல மட்டும்தான் புடிக்கும். ஒரு பக்கம் கடைஞ்சா மறுபக்கத்தையும் அதே அளவுக்கு கடைஞ்சிடுங்க.

அளவு எல்லைக்கிட்ட வந்துடுச்சா, விரிசல் தெரியுதா, யோசிக்காம புது டிரம், ரெண்டு பக்கமும். அதுல துரு புடிக்காம எண்ணெய் பூசியிருப்பாங்க, பிரேக் கிளீனர் போட்டு நல்லா கழுவணும். சில கார்ல வீல் பேரிங் டிரம்முக்குள்ளயே உக்காந்திருக்கும், அந்த மாதிரி வண்டிக்கு பேரிங்கை பிரஸ்ல இறக்கணும், நடு நட்டை டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு டைட் பண்ணணும், அதை மட்டும் பட்டறையில குடுத்துடுறதுதான் என் கருத்து.

பழைய ஷூல லைனிங் ஒட்டித் தர்ற கடைங்களும் இருக்கு. புது ஷூ கிடைக்காத பழைய வண்டிக்கு சரி, ஷூ சுலபமா கிடைக்கிற காருக்கு நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

எதை செஞ்சாலும் ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க, டிரம் கழண்டு வரணும்னா ஹேண்ட்பிரேக் ரிலீஸ்ல இருக்கணும். ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டு அடுத்ததைப் பிரிங்க, ஸ்ப்ரிங் எது எங்கன்னு குழப்பம் வந்தா மறுபக்கத்தைப் பாத்துக்கலாம். ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கிற திருகு) கலக்காதீங்க, மரை திசை மாறி இருக்கும். தூசிய ஏர் அடிச்சு ஊதவே ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைச்சு துடைங்க. பெடலை மிதிச்சா ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரோட ரப்பரைத் தூக்கிப் பாத்து உள்ள ஈரம் இருந்தா சிலிண்டரையும் மாத்துங்க, பிரேக் ஆயில் பட்ட லைனிங் புடிக்காது. கடைசியா சக்கரத்தை கையால சுத்தினா லேசா உரசுற சத்தம் வர்ற அளவுக்கு அட்ஜஸ்டரை வச்சுட்டு, பெடலை நாலஞ்சு தடவை அமுக்கி கெட்டியா நிக்குதான்னு பாத்து, ஆள் இல்லாத ரோட்டுல மெதுவா ஓட்டிப் பாருங்க.