ஒரே ஏரி, இரண்டு மீன்: பெரியதா, சின்னதா?

பெரிய மீன் சிக்கினால் சந்தோஷம்தான். ஆனால் சாப்பிட எது நல்லது என்று கேட்டால், சின்ன மீனைத்தான் சொல்வேன்.

முக்கியக் காரணம் பாதரசம். ஏரியின் அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசம் என்ற நச்சு வடிவமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, பாசி தின்னும் நுண்ணுயிர், சின்ன மீன், அதை விழுங்கும் பெரிய மீன் என்று படிக்குப் படி கூடிக்கொண்டே போகிறது. மீனுக்கு வயது ஏற ஏற இன்னும் சேரும். தங்குவதோ சதையில். தோலை உரித்தாலும், எவ்வளவு கொதிக்க விட்டாலும் போகாது. தண்ணீரின் தெளிவை நம்பவும் முடியாது. அமிலத்தன்மை கூடிய தெளிந்த ஏரிகளில்தான் பல சமயம் மீனில் பாதரசம் அதிகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001இல் மீனில் உள்ள மீத்தைல் பாதரசத்துக்கு வைத்த உச்ச அளவு, ஒரு கிலோ மீனுக்கு 0.3 மில்லிகிராம்.

சின்ன மீன் வாழ்ந்த காலம் குறைவு, சேர்ந்ததும் குறைவு. ஆனாலும் முழுசாகப் பொரித்துவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி படர்ந்த ஏரியில் அதன் நஞ்சு ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் சேரும், சமைத்தாலும் அழியாது. வயிற்றைச் சுத்தமாக எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாசி திட்டாக மிதக்கும் நாட்களில் மீனே வேண்டாம்.

பிசிபி போன்ற தொழிற்சாலை நஞ்சுகள் கொழுப்பில் தங்குபவை. சேற்றைக் கிளறும் கொழுத்த கெண்டையில் அவை கூடுதலாக இருக்கலாம். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டியெடுத்து, கொழுப்பு வடியும்படி சுட்டால் ஓரளவு குறையும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஏரியில் பிடித்த பெரிய மீன் வேண்டவே வேண்டாம்.