ஏழு பின் போதும் என்றிருந்த கடைசிப் பந்து: 1991 ஃபேர் லேன்ஸ் ஓபன் இறுதி ஆட்டப் பதிவு

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். டெல் பல்லார்ட் ஜூனியர் என்ற பௌலர் கடைசியாக உருட்டி, ஆடுதளத்தின் முனையில் நிற்கும் பத்துக் கட்டைகளில், அதாவது பின்களில், ஒன்றைக்கூடத் தொடாமல் ஓரப் பள்ளத்தில் விழுந்த பந்து அது. சில நொடித் துணுக்காக அதை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அப்படிப் பார்த்திருந்தால், பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் டென்பின் பௌலிங் ஆட்டம் தொலைக்காட்சிக்குத் தந்த மிக நெருக்கமான முடிவுகளில் ஒன்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இறுதி ஆட்டத்தின் ஒளிப்பதிவை முதல் ஃபிரேமிலிருந்து பாருங்கள். ஓர் ஆட்டத்தின் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

இடம், அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ராண்டால்ஸ்டவுன். போட்டி, தொழில்முறை பௌலர்கள் சங்கமான பி.பி.ஏ.வின் சுற்றுப்பயணத்தில் ஒன்று. எதிரே நிற்பவர் பீட் வெபர். ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ஒன்றரை மணி நேர பௌலிங் நிகழ்ச்சி அந்தக் காலத்துக்கே உரியது. 1962இல் தொடங்கி 1997 வரை ஓடியது. கிறிஸ் ஷெங்கல் வர்ணனை, பக்கத்தில் நெல்சன் பர்ட்டன் ஜூனியர். பர்ட்டன் தானே பட்டங்கள் வென்ற பௌலர் என்பதால் எந்தப் பலகை, எந்தக் கோணம் என்று பேசத் தெரிந்தவர்.

ஆட்ட முறை ஏணிப்படி. தகுதிச் சுற்றுகளில் முதல் ஐந்து இடம் பிடித்தவர்கள் தொலைக்காட்சிக்கு வருவார்கள். ஐந்தாமவரும் நான்காமவரும் மோத, வென்றவர் மூன்றாமவரோடு ஆடுவார். இப்படியே மேலே ஏறி முதலிடக்காரரைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு மோதலும் ஒரே ஒரு ஆட்டம். வாரம் முழுக்க உருட்டிச் சேர்த்த பின் கணக்கு எதுவும் அங்கே உதவாது. இது நியாயமா என்ற வாதம் பழையது. தொலைக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கருத்து.

இனி கணக்கு. வெபர் 213இல் முடித்துவிட்டார். பல்லார்டுக்கு மிச்சமிருப்பது பத்தாவது ஃபிரேம். வெல்ல வேண்டுமானால் இரண்டு ஸ்ட்ரைக்கும் (ஒரே பந்தில் பத்துப் பின்னையும் சாய்ப்பது), மூன்றாவது பந்தில் குறைந்தது 7 பின்னும் வேண்டும். முதல் ஸ்ட்ரைக் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பத்தாவது ஃபிரேமின் மூன்றாவது பந்துக்கு ஊக்கப் புள்ளி கிடையாது. எத்தனை பின் விழுகிறதோ அத்தனைதான். அந்த நிமிடத்தில் பல்லார்டின் கையில் இருந்தது 207. ஆறு பின் சாய்த்தால் 213, சமன். ஏழு சாய்த்தால் 214, பட்டம். பத்தும் போனால் 217. பந்து பள்ளத்தில் இறங்கி பின்களைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. பத்துப் பின்னும் நின்றன. முடிவு 213–207.

இதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது: “ஏழு பின்தானே, நேராக நடுவில் உருட்டியிருக்கலாமே?” இந்தக் கேள்விக்குள் இறங்கினால்தான் இந்தப் பதிவின் அருமை புரியும்.

பந்து உருளும் தளமான லேனின் அகலம் சுமார் 41½ அங்குலம், நீளவாக்கில் 39 பலகைகள். ஒரு பலகை ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். பந்தை உருட்டும் இடத்திலுள்ள ஃபவுல் கோட்டிலிருந்து, முக்கோணமாக நிற்கும் பின்களில் முன்னால் இருக்கும் முதல் பின்னின் நடுப்பகுதிக்கு 60 அடி. வலக்கைக்காரர் வலது ஓரத்திலிருந்து பலகைகளை எண்ணினால் முதல் பின் நிற்பது 20ஆம் பலகையில். ஸ்ட்ரைக்குக்காகப் பந்து சேர வேண்டிய இடம், அதாவது முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவேயான ‘பாக்கெட்’, 17½ஆம் பலகையருகே. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரைப் பலகைதான்.

இப்போது நடுவில் உருட்டுகிற யோசனையை எடுத்துக்கொள்வோம். பந்து முதல் பின்னின் மூக்கில் நேராக மோதினால் பெரும் பிளவுகள் வரும், அதாவது நடுவே இடைவெளி விட்டுப் பின்கள் நின்றுபோகும். 4, 6, 7, 10 ஆகிய எண்களுள்ள நான்கு பின்களும் நின்றுபோனால் விழுந்தது ஆறு. சமன்தான், வெற்றி இல்லை. கூடவே 9உம் நின்றால் விழுந்தது ஐந்து, தோல்வி. பாதுகாப்பாக இரண்டு பலகை உள்ளே, லேனின் நடுப்பக்கமாக, நகர்ந்து ஆடுகிறேன் என்று கிளம்பினால், மற்றவை மாறாதிருக்கும்போது, பாக்கெட்டுக்குப் போக வேண்டிய பந்து 19½ஆம் பலகைக்குப் போகும். அதுதான் மூக்கு. இருப்பதிலேயே ஆபத்தான நகர்வு அது. உண்மையான பாதுகாப்பு வேண்டுமானால் ஐந்து பலகைபோல உள்ளே வந்து, பந்தை எதிர்ப்பக்கப் பாக்கெட்டுக்கு, முதல் பின்னுக்கும் இரண்டாவதற்கும் இடையே அனுப்ப வேண்டும். அங்கே மோதினால் ஏழும் அதற்கு மேலும் பெரும்பாலும் விழும். ஆனால் லேனில் பூசுகிற எண்ணெய் ஐந்து பலகை உள்ளே அதிகம். பந்து எப்போது திரும்பும் என்று அதுவரை உருட்டிப் பார்க்காத இடம். பட்டத்துக்கான பந்தை அங்கே சோதித்துப் பார்ப்பது எந்தப் பௌலருக்கும் எளிதல்ல. பாக்கெட்டில் நேராகப் போய் மோதுவதுதான் ஏழு பின்னுக்கும் மிக நம்பகமான வழி. சற்று மெலிதாகப் பட்டு 5உம் 7உம் நின்றாலும், 8உம் 10உம் நின்றாலும், எட்டு விழுந்துவிடும்.

ஆகவே வழக்கமான பந்தையே உருட்ட முயன்றதில் தவறு காண மாட்டேன். தவறு கையிலும் காலிலும் நடந்தது.

பள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஆடினால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தின் விட்டம் சுமார் 8½ அங்குலம், ஆனால் தரையைத் தொடுவது அதன் அடியில் ஒரு சிறு புள்ளி. மூன்றாம் பலகையின் நடுவில் அந்தப் புள்ளி உருண்டால், பள்ளத்தின் விளிம்புக்கு மிச்சம் 2.7 அங்குலம், பந்தின் உடம்பில் ஒரு பகுதி ஏற்கெனவே பள்ளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் போகும். கையிலிருந்து புறப்படும் கோணம் வெளிப்பக்கமாக ஒரே ஒரு டிகிரி பிசகினால், 15 அடிக்குள் பந்து 3 அங்குலம் விலகும். லேனில் அம்புக்குறிகள் பதித்திருக்கிற தூரமே அவ்வளவுதான். அங்கே எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகிற பந்து திரும்பத் தொடங்கியே இருக்காது. அதே ஒரு டிகிரிப் பிசகு பத்தாம் பலகையில் நடந்தால், விளிம்பை எட்ட ஏறத்தாழ 48 அடி வேண்டும். அதற்குள் பந்து திரும்பிப் பின்களை நோக்கி வந்துவிடும். தொழில்முறைப் பந்து பள்ளத்தில் விழுவது அரிது. விழுந்தால், அநேகமாக ஓரத்தை ஒட்டிய ஆட்டத்தில்தான்.

பிறகு ஏன் ஓரத்தில் ஆடுகிறார்கள்? பெரும்பாலும் ஓரங்களில் எண்ணெய் குறைவு. வெளியே போன பந்து உராய்வு கிடைத்ததும் வளைந்து உள்ளே வரும். பாக்கெட்டில் நுழையும் கோணம் நன்றாக அமையும். சுமார் ஆறு டிகிரிக் கோணத்தில் நுழைந்தால் பந்து 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே தொடும். மீதி ஆறையும் பின்களே பின்களைச் சாய்த்து முடிக்கும். நேராக உருட்டினால் இந்தத் தொடர் பாதியில் அறுந்துபோகும்.

வெளிப்பக்கப் பிசகு எங்கிருந்து வரும்? முதல் காரணம் கட்டைவிரல். பந்தின் எடை 16 பவுண்டு வரை இருக்கும். கட்டைவிரல் துளை கொஞ்சம் தளர்ந்தால் கை பந்தை இறுக்கிப் பிடிக்கும். விரல் வீங்கினால் துளைக்குள் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்யத்தான் துளைக்குள் டேப் துண்டுகளை ஒட்டுவதும் உரிப்பதும். கட்டைவிரல் சீக்கிரமே கழன்றுவிட்டால் பந்து இலக்கை நோக்கித் திரும்புவதற்கு முன்பே போய்விடும். வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம். இரண்டாவது, கால். கடைசி அடியில் இடது கால் வழுக்க வேண்டிய அளவு வழுக்காமல் பிடித்துக்கொண்டால் தோள் முன்னால் பாயும், கை வெளியே தள்ளப்படும். மூன்றாவது, வேகம். நெருக்கடியில் கால் வேகமெடுக்கும். கையின் வீச்சு பின்தங்கும். பதிவில் கடைசி மூன்று பந்துகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, பந்தை விட்டுவிட்டு அவருடைய இடது காலை மட்டும் கவனியுங்கள். மூன்று பந்துகள், மூன்று வழுக்கல்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறெதுவும் வேண்டாம்.

பதிவின் குறைகளையும் சொல்ல வேண்டும். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பரப்பில் உராய்வு அதிகமுள்ள ரியாக்டிவ் ரெசின் பந்துகள் பரவலாவதற்குச் சற்று முந்தைய காலம் இது. இன்றைய பந்துகளின் கூர்மையான திருப்பத்துக்குப் பழகிய கண்ணுக்கு, இங்கே வளைவு மெதுவாகத் தோன்றும். அது பந்தின் பரப்பு செய்யும் வேலை. பௌலரின் குறை அல்ல.

புள்ளிப் பலகையை மட்டும் நம்பினால் ஆட்டத்தின் நடுவில் குழம்புவீர்கள். ஸ்ட்ரைக் ஒன்றின் மதிப்பு அடுத்த இரண்டு பந்துகள் விழுந்த பிறகுதான் தெரியும். ஒருவர் ஐந்தாம் ஃபிரேமில் 100 எடுத்து 6, 7 இரண்டிலும் ஸ்ட்ரைக் போட்டிருந்தாலும் அவர் பெயருக்கு எதிரே 100தான் இருக்கும். மற்றவர் ஸ்பேர்களோடு (இரண்டு பந்தில் பத்தையும் சாய்ப்பது) 114 காட்டுவார். யார் பின்னால்? மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் முதலாமவர் ஒரே பந்தில் 130. இதற்குத்தான் தாளும் பென்சிலும் கேட்டேன். பத்துப் பெட்டி வரைந்து, ஸ்ட்ரைக் பெட்டியை இரண்டு பந்து கழித்தே நிரப்பிக்கொண்டு வந்தால், பத்தாவது ஃபிரேமுக்கு முன்பே “இரண்டு ஸ்ட்ரைக்கும் ஏழும்” என்ற விடையை நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்த எண்ணைக் கையால் எழுதிவிட்டுக் கடைசிப் பந்தைப் பார்ப்பது வேறு அனுபவம்.

கடைசிப் பந்துக்குப் பெயர்போன இன்னொரு பதிவோடு இதை ஒப்பிடுவார்கள். 1970இல் அமெரிக்காவின் ஆக்ரனில் நடந்த ஃபயர்ஸ்டோன் டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் அது. டான் ஜான்சன் வரிசையாக 11 ஸ்ட்ரைக் போட்டு, பன்னிரண்டாவதில் பத்தாம் பின் மட்டும் நின்றுபோக, லேனில் குப்புற விழுந்து கிடந்தார். 299–268. அழகான காட்சிதான். ஆனால் அந்தப் பந்து உருளும் முன்பே எதிராளி டிக் ரிட்ஜர் தோற்றுவிட்டார். போனது முழுமையான 300உம் அதற்கான பரிசும்தான். ராண்டால்ஸ்டவுனில் பட்டமே கடைசிப் பந்தில் இருந்தது. ஆட்டமாகப் பார்த்தால் 1991தான் மேல்.

முடிந்தால் முதலில் 1987 யு.எஸ். ஓபன் பௌலிங் இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். அங்கேயும் இதே இருவர். பல்லார்ட் 247, வெபர் 218. முதல் பரிசு 1,00,000 டாலர். பெரிய பணத்துக்கு முன்னால் கை நடுங்காதவர் இவர் என்று தெரிந்த பிறகு 1991இன் பத்தாவது ஃபிரேமைப் பார்த்தால், இரண்டு ஸ்ட்ரைக்கும் தற்செயல் அல்ல என்பது விளங்கும். வெபர் அதே 1991இல் யு.எஸ். ஓபனையும் வென்றார். பல்லார்ட் 1993இல் அதை இரண்டாம் முறையாக வென்றார். அந்தப் பதிவும் கிடைத்தால், அவர் எந்தப் பலகையில் பந்தை வைக்கிறார், இடது கால் எங்கே வழுக்கி நிற்கிறது என்று பாருங்கள்.