மூடுல் செருகுநிரல்கள்: நிறுவியதும் பங்களித்ததும்

பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள் மூடுல். எங்கள் பொறியியல் கல்லூரியின் மூடுல் தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு, 3.5 பதிப்புக் காலத்தில் கணினித் துறையிடம் வந்தது. இடையில் 3.9, 4.1 ஆகியவற்றைக் கடந்து இப்போது 4.5 பதிப்பில் தளம் இயங்குகிறது. நான்குமே நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகள். இத்தனை ஆண்டுகளில் மூடுலின் மையப் பகுதியால் எங்களுக்குக் குறிப்பிடத்தக்க தொல்லை எதுவும் நேர்ந்ததில்லை. ஆசிரியர்கள் பாராட்டிய வசதிகளும் சரி, இரவு நெடுநேரம் விழித்திருக்க வைத்த சிக்கல்களும் சரி, பெரும்பாலும் செருகுநிரல்கள், அதாவது மையப் பகுதியோடு தனியே சேர்க்கும் துணை நிரல்கள், வழியாகவே வந்தன.

நிறுவுவதைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. நிருவாகப் பக்கத்தில் செருகுநிரலின் சுருக்கப்பட்ட சிப் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். செருகுநிரலின் வகை, தேவையான மூடுல் பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற செருகுநிரல்கள் ஆகிய அனைத்தையும் தளமே சரிபார்த்துச் சொல்லிவிடும். ஆயினும் இந்த வழியை நாங்கள் முடக்கி வைத்திருக்கிறோம். இணையச் சேவையகம் தன் நிரல் கோப்புறைக்குள் தானே எழுத அனுமதி பெற்றிருப்பது பாதுகாப்புக்கு உகந்ததன்று. கட்டளை வரியில் கோப்புறையை உரிய இடத்தில் வைத்து, தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, மேம்படுத்தும் கட்டளையை இயக்குவதே எங்கள் நடைமுறை. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து இறக்கும் கோப்புறையின் பெயரில் 'மூடுல்' என்ற முன்னொட்டும் கிளையின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்கி, செருகுநிரலின் சொந்தப் பெயரை மட்டும் விட்டுவைக்காவிட்டால் நிறுவல் பிழையோடு நின்றுவிடும்.

எதை நிறுவுவது என்று முடிவெடுப்பதுதான் கடினம். ஆசிரியர் ஒருவர் வேறு கல்லூரியில் ஒரு வசதியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால், முதலில் அதன் நிரலைத் திறந்து பேக்கப் கோப்புறை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு செயல்பாட்டுச் செருகுநிரல் காப்பு வசதியை ஆதரிக்காவிட்டால், பாடத்தைக் காப்பெடுக்கும்போது அதிலுள்ள உள்ளடக்கம் காப்புக் கோப்பில் சேராது. நம் கல்லூரிகளில் ஒவ்வொரு செமஸ்டரும் பழைய பாடத்தை நகலெடுத்துத்தான் புதிய பாடத்தைத் தொடங்குகிறார்கள் என்பதால், அந்தக் குறை ஆறு மாதம் கழித்து, அதுவும் வகுப்பு தொடங்கும் நாளில்தான் வெளிப்படும். அதன் பிறகே கடைசி வெளியீடு எப்போது வந்தது, முறையிடப்பட்ட பிழைகளுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்பவற்றைப் பார்ப்பேன். பதிவிறக்க எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

இந்தச் சல்லடையில் தேறியவற்றுள் எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது கோட்ரன்னர். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான இந்த வினா வகையில், மாணவர் எழுதும் நிரல் உண்மையாகவே இயக்கப்பட்டு, சோதனை உள்ளீடுகளுக்கு வரும் விடைகளைக் கொண்டு மதிப்பெண் தரப்படும். இதற்கெனத் தனியான வினா நடத்தைச் செருகுநிரல் (விடையைச் சரிபார்த்து மதிப்பிடும் போக்கைத் தீர்மானிப்பது) ஒன்றையும் சேர்த்தே நிறுவ வேண்டும். மாணவர் நிரல்களை இயக்கும் ஜோப் என்ற சேவையகத்தைத் தனிக் கணினியில் அமைக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் வழங்கும் பொதுச் சேவையகம் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே, தேர்வுக்கு அதை நம்பக் கூடாது. ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய வேலைகளுக்கு ஜோப்பில் வரம்பு இருப்பதால், ஆய்வகத் தேர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தும்போது என்ன நிகழும் என்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. வினா அமைப்பதிலும் கவனம் வேண்டும். இயல்பான மதிப்பீட்டு முறையில் விடை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சிறிய எழுத்தில் எதிர்பார்க்கப்படும் 'சம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட மாணவருக்கும் சிவப்புப் பெருக்கல் குறிதான் கிடைக்கும். எழுத்து வேறுபாட்டையும் கூடுதல் இடைவெளிகளையும் பொருட்படுத்தாத இன்னொரு முறையும் அதிலேயே உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு அதைத் தேர்ந்துகொள்வதே நியாயம் என்பது என் கருத்து.

இனி மேம்படுத்தல். 2022-இல் வந்த 4.0 பதிப்பு தளத்தின் தோற்றத்தையும் பாடப் பக்கத்தின் உள்ளமைப்பையும் மாற்றியது. தளத்தின் தோற்றத்தை மாற்றும் தோற்றக் கருக்களும், பாடப் பக்கத்தை அடுக்கும் விதத்தைத் தீர்மானிக்கும் பாட அமைப்புச் செருகுநிரல்களும் அதில்தான் அதிகம் அடிபட்டன. நாங்கள் நம்பியிருந்த பாட அமைப்பு ஒன்று 4.1-க்கு வரவே இல்லை. பல துறைகளின் பாடங்களை இயல்பான அமைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் மேம்படுத்த முடிந்தது. அதன்பின், மூடுல் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியின் 8.2 பதிப்பில், முன்கூட்டி அறிவிக்கப்படாத பண்புகளை நிரலின் பொருளில் (ஆப்ஜெக்ட்) சேர்ப்பது கைவிடப்பட்ட வழக்கமாக அறிவிக்கப்பட்டதும், பழைய செருகுநிரல்கள் எச்சரிக்கைகளால் பதிவுக் கோப்புகளை நிரப்பத் தொடங்கின. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்புறையை மட்டும் அழித்தால், செருகுநிரல் வட்டில் காணவில்லை என்று தளம் காட்டுமே தவிர, தரவுத்தள அட்டவணைகள் அப்படியே இருக்கும். நிருவாகப் பக்கத்தில் முறைப்படி நீக்கினாலோ அட்டவணைகளும் அவற்றிலுள்ள மாணவர் பணிகளும் சேர்ந்தே போய்விடும். ஆகவே, கைவிட நினைக்கும் செருகுநிரலை முதலில் மறைத்து வைத்து ஒரு கல்வியாண்டைக் கடத்திய பிறகே நாங்கள் நீக்குகிறோம்.

பங்களிப்புப் பக்கம் நாங்கள் வந்தது தேவையின் பொருட்டே. ஆய்வகப் பயிற்சி, ரெக்கார்டு, மாதிரித் தேர்வு ஆகிய மதிப்பெண்களைத் தொகுத்து இன்டர்னல் பட்டியலாகத் தரும் அறிக்கை ஒன்றைத் துறையிலேயே எழுதினோம். பிற கல்லூரிகளும் கேட்டதால் அதைப் பொதுவாக்கி, மூடுலின் அதிகாரப்பூர்வச் செருகுநிரல் அடைவுக்கு அனுப்பினோம். அங்கே முதலில் தானியங்கிக் கருவி நிரலின் நடையைச் சோதிக்கிறது. பின்பு மனிதர்கள் படிக்கிறார்கள். காத்திருப்பு வாரக்கணக்கில் நீளும். ஆனால் வரும் கருத்துரைகள் அந்தக் காத்திருப்புக்குத் தகுந்தவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய மதிப்பு, போஸ்ட்கிரஸ் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் நெடுவரிசையின் பெயராகக் கொள்ளப்படும் என்பதைச் சுட்டினார்கள். ஒவ்வொரு செருகுநிரலின் தோற்ற விதிகள் அடங்கிய ஸ்டைல்ஸ் கோப்பும் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஏற்றப்படுவதால், அட்டவணைகளுக்கென்று பொதுவாக எழுதும் விதி மதிப்பெண் பதிவேட்டையும் குலைத்துவிடும் என்றார்கள். படிவத்தைப் பெறும் இடத்தில், அது பயனரின் அமர்விலிருந்தே வந்ததை உறுதிசெய்யும் அமர்வுச் சாவியைச் சரிபார்ப்பதும், தனிநபர் தரவு எதையும் சேமிக்காவிட்டால் அதையும் தனியுரிமைக்கான வகுப்பு ஒன்றின் மூலம் அறிவிப்பதும் கட்டாயம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்ததையொட்டி வந்த ஏற்பாடு இது.

ஒப்புதல் கிடைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. ஆண்டுக்கு இரு முறை மூடுலின் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் சோதித்து, ஆதரவுப் பட்டியலைத் திருத்தி வெளியிடாவிட்டால், நம் செருகுநிரலும் நாம் குறைகூறும் கைவிடப்பட்ட பட்டியலில் சேர்ந்துவிடும். நிரலை எழுதிய மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார்கள் என்பது கல்லூரிகளுக்கே உரிய சிக்கல். அதனால் புதிதாக ஒன்றை எழுதுவதைவிட, ஏற்கெனவே நன்றாகப் பராமரிக்கப்படும் செருகுநிரலில் ஒரு குறையைத் திருத்தி அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். திருத்தத்தோடு ஒரு சோதனையும் சேர்த்து எழுதி அனுப்பினால், பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் விரைவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நிரல் எழுதாதவர்களும் பங்களிக்கலாம். அடைவில் ஏற்கப்பட்ட செருகுநிரலின் ஆங்கிலச் சரங்கள், அதாவது திரையில் தோன்றும் சொற்றொடர்கள், ஆமோஸ் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் சேர்ந்துவிடும். அங்கே தமிழாக்கத்தை முன்மொழிந்தால், மொழித் தொகுப்பின் பொறுப்பாளர் பார்த்துச் சேர்ப்பார். எங்கள் தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் இதை என்னைவிடப் பொறுமையாகச் செய்கிறார்.

2025 அக்டோபரில் வந்த 5.1 பதிப்பு, இணையத்தில் திறந்திருக்கும் கோப்புகளையெல்லாம் பப்ளிக் என்ற தனிக் கோப்புறைக்குள் கொண்டுபோயிருக்கிறது. செருகுநிரல்களை வைக்கும் இடமும் அதனால் மாறுவதோடு, சேவையக அமைப்பையும் திருத்த வேண்டும். 4.5-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை கிடைக்கும் என்பதால், நாங்கள் அவசரப்படவில்லை. சோதனைத் தளத்தில் மட்டும் 5.1-ஐ அமைத்து, செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்து வருகிறோம்.