பிறை எக்ஸாஸ்ட் கடை: வெல்டிங் அருமை, வாடைதான் தாங்கவில்லை

பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஓர் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) கடையில் என் டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு மூன்று அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் போட்டேன். வெல்டிங்கைக் குறை சொல்லவே முடியாது. தையல் போட்டதுபோல் சீரான வரி.

சத்தம் வேறு கதை. ஊருக்குள் பரவாயில்லை. பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று (ஆர்பிஎம்) பக்கம் வந்தால், கேபினுக்குள் ஒரு ரீங்காரம் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் மனைவி பேசுவது கேட்பதில்லை. ரீங்காரத்தை அடக்கும் ரெசொனேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்ததுதான் காரணம்.

வாடை அதைவிட மோசம். சிக்னலில் நின்றால் கண் எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருக்கிறார்கள். எரியாமல் வரும் டீசல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனோடு சேர்த்து மாற்றுவதே அதன் வேலை. அது இல்லாமல் கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல் ஊற்றினாலும் நாற்றம் போகாது. அப்புறம், குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச் ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கசிகிறது என்று அர்த்தம். வண்டி நிற்கும்போது அந்தப் புகை நேராக உள்ளே வந்தது.

போய்க் கேட்டதற்கு, "டீசல்னா அப்படித்தான் பாஸ்" என்றார்கள். இது பொறுப்பான பதிலே இல்லை. பின் இருக்கையில் பிள்ளைகள் உட்காருகிறார்கள். கேஸ்கெட்டை மட்டும் காசு வாங்காமல் மாற்றினார்கள். கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்கி வேறு கடையில் பொருத்தினேன், வாடை பெரும்பாலும் போய்விட்டது. ரீங்காரம் இன்னும் இருக்கிறது, ரெசொனேட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்கே போவதென்றால் எதைக் கழற்றுவார்கள், எதை விடுவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.