வட்ட ரம்பத்துக்கு எந்த வழிகாட்டி? மூன்று அமைப்புகள், ஓர் ஒப்பீடு

2440 × 1220 மி.மீ. அளவுள்ள முழு ப்ளைவுட் பலகையைத் தனியாளாகத் தூக்கி மேசை ரம்பத்தின் மேல் வைத்துத் தள்ளுவதைக் காட்டிலும், பலகையைக் கிடத்திவிட்டு ரம்பத்தை அதன் மேல் நகர்த்துவது எளிது. கையில் பிடித்த வட்ட ரம்பம் நேராகப் போகாது என்பதே இதில் உள்ள தடை. அதற்கு மூன்று தீர்வுகள் வழக்கில் உள்ளன: நாமே செய்துகொள்ளும் மர வழிகாட்டி, சாதாரண ரம்பத்தை ஏற்றிக்கொள்ளும் சறுக்குத் தட்டுடன் வரும் அலுமினிய ரெயில், ரெயிலுக்கென்றே வடிவமைத்த, பிளேடு மேலிருந்து இறங்கி வெட்டும் பிளஞ்ச் ரம்பம். மூன்றும் நேராக வெட்டுபவையே. எனவே வழிகாட்டியின் விளிம்பை வைத்த கோட்டிலேயே வெட்டு விழுகிறதா, அந்தப் பொருத்தம் எவ்வளவு காலம் நிலைக்கிறது, எதனால் கெடுகிறது என்பவற்றை வைத்தே இவற்றைத் தரம் பிரிக்க வேண்டும்.

எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் முதலில் சரிபார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ரம்பத்தின் பிளேடு அடித்தட்டின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்து அல்லது பேட்டரியைக் கழற்றி, ரம்பத்தைக் கவிழ்த்து, பிளேடின் ஒரு பல்லில் பேனாவால் அடையாளமிட்டு, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது அடித்தட்டின் விளிம்பிலிருந்து அதன் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றிக் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். வெவ்வேறு பற்களை அளந்தால் பல்லின் சாய்வும் பிளேடின் கோணலும் கணக்கில் கலந்துவிடும். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்றால் பிளேடின் பின்பகுதி வெட்டிய முகத்தை உரசிக்கொண்டே போகும். வெட்டுமுகத்தில் பிறை வடிவக் கீறல்களும், கெட்டி மரத்தில் கருகிய தடமும் அதன் அறிகுறிகள். விலை உயர்ந்த ரெயிலை வாங்கியும் வெட்டு சரியில்லை என்று குறைப்படுபவர்கள் பலர் இந்தச் சோதனையைச் செய்திருப்பதில்லை.

மர வழிகாட்டியின் அமைப்பு மிக எளிது. 6 மி.மீ. தடிமனுள்ள எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது ஹார்டுபோர்டு அடிப்பலகையின் மேல், ஆலையில் வெட்டிய விளிம்பு ரம்பத்தைப் பார்த்து இருக்குமாறு 12 மி.மீ. தடிமனுள்ள ஒரு பட்டியை ஒட்ட வேண்டும். அடிப்பலகை தேவைக்கு மேல் சற்று அகலமாக இருக்கட்டும். பசை காய்ந்ததும் ரம்பத்தின் அடித்தட்டைப் பட்டியோடு அணைத்து ஒருமுறை ஓட்டினால், மிகுந்த பகுதி அறுந்து விழும். மிஞ்சிய விளிம்புதான் இனி வெட்டுக்கோடு. பென்சில் கோட்டின் மேல் அந்த விளிம்பை வைத்து கிளாம்ப் போட்டால் போதும், பிளேடுக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழிக்கும் கணக்கு எதுவும் தேவையில்லை. அதே விளிம்பு மர இழைகளை மேலிருந்து அழுத்திப் பிடிப்பதால் அந்தப் பக்கம் பிசிறும் குறைகிறது. வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வெளிவருவதால்தான் மேல்முகம் பிசிறடிக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த அழுத்தத்தின் பயன் விளங்கும்.

ரம்பத்தைப் பட்டி ஒரு பக்கத்தில் மட்டுமே தடுக்கிறது என்பது இதன் குறையாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான், கை தளர்ந்தால் ரம்பம் பட்டியை விட்டு விலகும். ஆனால் வழிகாட்டியை நமக்கு வேண்டிய துண்டின் மேல் வைத்திருந்தால் அந்த விலகல் கழிவுப் பக்கமாகவே போகும். கிளாம்பைத் தளர்த்தாமல் இன்னொரு முறை ஓட்டினால் மிச்சம் சீவப்பட்டுவிடும். வழிகாட்டியைக் கழிவுத் துண்டின் மேல் வைப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே ஒவ்வொரு தடுமாற்றமும் நல்ல துண்டைத் தின்னும். மற்றொரு சிக்கல் மோட்டார் இடிப்பது. ஆழத்தைக் கூட்டக் கூட்ட மோட்டார் அடித்தட்டை நோக்கி இறங்குவதால், பட்டி உயரமாக இருந்தாலோ கிளாம்பின் தலை பட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலோ பாதி வெட்டில் முட்டி நிற்கும். 18 மி.மீ. பலகைக்கு, அடிப்பலகையின் 6 மி.மீ.யையும் பிளேடு வெளியே தெரியவேண்டிய 5 மி.மீ.யையும் சேர்த்து 29 மி.மீ. ஆழமே போதும் என்பதால் வழக்கமான வேலையில் இது தொல்லை தருவதில்லை.

இந்த வழிகாட்டி ஒரு ரம்பத்துக்கும் ஒரு பிளேடுக்கும் மட்டுமே பொருந்தும். 1.6 மி.மீ. அகல வெட்டுத் தடம் விடும் மெல்லிய பிளேடை எடுத்துவிட்டு 2.2 மி.மீ. பிளேடைப் போட்டால் விளிம்பு மறுபடி சீவப்படும். திரும்ப மெல்லியதற்கு வந்தால் விளிம்புக்கும் வெட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி நிற்கும். எந்தப் பிளேடுக்கு உரியது என்று வழிகாட்டியின் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

இரண்டாவது வகையில் சாதாரண ரம்பம் ஒரு சறுக்குத் தட்டில் பூட்டப்பட்டு ரெயிலில் ஓடுகிறது. கிரெக் நிறுவனத்தின் அக்யூ-கட் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ரெயில் துண்டு துண்டாக வருவதால் எடுத்துச் செல்ல வசதி. பிளேடு இடப்புறம் உள்ள ரம்பமும் வலப்புறம் உள்ளதும் பொருந்தும். ஆனால் இங்கே ஆட்டம் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன: பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் இடையே, அடித்தட்டுக்கும் சறுக்குத் தட்டுக்கும் இடையே, சறுக்குத் தட்டுக்கும் ரெயிலுக்கும் இடையே. வேறு வேலைக்காக ரம்பத்தைக் கழற்றி மீண்டும் பூட்டினால் விளிம்புப் பொருத்தம் அதே இடத்துக்கு வரும் என்று நம்ப முடியாது. ரம்பத்தை அதிலேயே நிரந்தரமாக விட்டுவிட முடிந்தவருக்கு இது தகும். கழற்றி மாட்டுபவருக்கு மர வழிகாட்டியே மேல் என்பது என் கணிப்பு.

பிளஞ்ச் ரம்பத்தின் அடித்தட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது ரெயிலின் மேட்டை இருபுறமும் கவ்வி ஓடுகிறது. கவ்வுதலில் உள்ள ஆட்டத்தை அடித்தட்டில் உள்ள சிறு திருகுகளால் நீக்கலாம். முதலில் ஆட்டத்தை நீக்கி, ரம்பம் தடையின்றி ஆனால் பக்கவாட்டில் அசையாமல் நகரும் நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே ரெயில் ஓரத்து ரப்பர் பட்டையை முதல் ஓட்டத்தில் அறுக்க வேண்டும். வரிசையை மாற்றிப் பட்டையை அறுத்த பின் திருகினால் பட்டை வெட்டுக்கோட்டைக் காட்டாது. ஃபெஸ்டூல், மகிட்டா ரெயில்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். பாஷ், மாஃபெல் இரண்டும் வேறொரு வடிவத்தைப் பகிர்கின்றன. பொருந்தும் என்பதற்காக ஒரே ரெயிலில் இரண்டு ரம்பங்களை ஓட்டினால், மேட்டிலிருந்து பிளேடு நிற்கும் தூரம் இரண்டுக்கும் சற்றே மாறுவதால் ஒன்றின் பட்டையை மற்றொன்று கெடுத்துவிடும்.

இந்த வகையின் உண்மையான மேன்மை வேறு மூன்று இடங்களில் தெரிகிறது. பிளேடு மேலிருந்து இறங்குவதால் பலகையின் நடுவிலேயே வெட்டைத் தொடங்கலாம். லேமினேட் ஒட்டிய பலகையில் முதலில் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டு, ரெயிலை அசைக்காமல் முழு ஆழத்தில் இரண்டாம் முறை ஓட்டினால் பிசிறு அநேகமாக இருக்காது. சாய்வு வெட்டில் வேறுபாடு இன்னும் பெரிது: பிளேடு சாயும் அச்சு ரெயிலின் ஓரத்தை ஒட்டியே அமைந்திருப்பதால் 45 பாகையிலும் அதே பட்டை வெட்டுக்கோட்டைக் காட்டும். மர வழிகாட்டியில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனியாக ஒன்று செய்ய வேண்டும். ஆழத்தில் மட்டும் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். 160 முதல் 165 மி.மீ. பிளேடுள்ள ரம்பங்கள் சுமார் 55 மி.மீ. வெட்டும், ரெயில் அதில் ஏறக்குறைய 5 மி.மீ. எடுத்துக்கொள்ளும். 185 மி.மீ. பிளேடுள்ள சாதாரண ரம்பம் 65 மி.மீ. அளவுக்கு இறங்கும்.

மரத்தூள் விஷயத்தில் ஒப்பீடே இல்லை. மூடிய உறையுள்ள பிளஞ்ச் ரம்பத்தோடு தூசி உறிஞ்சியை இணைத்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். வெட்டு முடியும் தறுவாயில் வெட்டுத் தடம் நெருங்கிப் பிளேடைப் பிடித்தால் ரம்பம் பின்னோக்கி உதைக்கும் என்பது மூன்றுக்கும் பொது. பலகையின் அடியில் முழுப் பரப்புக்கும் கெட்டியான ஃபோம் தகடு ஒன்றை விரித்தால், அறுந்த இரண்டு துண்டுகளும் இருந்த இடத்திலேயே நிற்கும், தடமும் நெருங்காது. ரெயிலின் அடியில் உள்ள வழுக்காத பட்டைகளை மட்டும் நம்பிக் கிளாம்ப் போடாமல் விடுவது தூசியில்லாத பரப்பில் மட்டுமே சரிப்படும்.

அலமாரிக்குச் சில பலகைகளை எப்போதாவது வெட்டுபவர், நல்ல 40 அல்லது 48 பல் பிளேடு ஒன்றை வாங்கி, கையில் இருக்கும் ரம்பத்துக்கு மர வழிகாட்டி செய்துகொள்வதே சரி. லேமினேட், சாய்வு வெட்டு, குடியிருக்கும் வீட்டுக்குள் வேலை ஆகிய மூன்றில் ஒன்று அடிக்கடி வருமானால் பிளஞ்ச் ரம்பம் தன் விலைக்கு நியாயம் செய்யும். அதை வாங்கும்போது 1400 மி.மீ. ரெயில்கள் இரண்டை இணைக்கலாமா, 3000 மி.மீ. ஒற்றை ரெயிலா என்ற கேள்வி எழும். இணைப்பதானால் முனைகளை முட்டவிடாமல் நூலளவு இடைவெளி விட்டு, நேரான நீண்ட சட்டம் ஒன்றை மேட்டின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, அது இரண்டு துண்டுகளையும் முழு நீளத்துக்கும் தொடும்போதுதான் இணைப்புத் திருகுகளை இறுக்க வேண்டும். முனைகளை முட்டவைத்து நேராக்கினால், அறுத்த முனை சிறிது சதுரம் தவறியிருந்தாலும் அந்தக் கோணல் ரெயில் முழுவதற்கும் ஏறிவிடும்.